புரட்டாசிச் சனியும் பெரிய வாய் மீனும்

பிடித்த மீனைத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவது புண்ணியம் என்பது என் மாப்பிள்ளையின் கட்சி. அதில் பாதிதான் உண்மை என்பது என் கட்சி. இந்த வழக்கு எங்கள் வீட்டில் போன வருஷம் செப்டம்பர் கடைசியில் தொடங்கியது. இன்னும் தீர்ப்பாகவில்லை. என் தரப்பை இங்கே எழுதி வைக்கிறேன். மாப்பிள்ளை தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஆகவே பயமில்லை.

அவர் சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்து பென்சன் வாங்கியவர். 1962-இல் பிரெஞ்சு நாட்டுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட வீடு. எங்கள் அப்பா அந்த ஆறு மாத அவகாசம் முழுவதும் யோசித்து யோசித்து, கடைசியில் கையெழுத்துப் போடாமலே விட்டுவிட்டார். அதனால் பிரெஞ்சு வழியில் படித்து, ப்ரெவே வாங்கிய நான் புதுச்சேரி அரசில் குமாஸ்தாவானேன். பாதி சர்வீஸ் எத்தா சிவில் பிரிவில் போயிற்று. பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை எழுத்து எழுத்தாகப் படித்து நகல் எழுதிக் கொடுக்கும் வேலை. என் மகளைக் கட்டிக்கொண்டவர் போர்தோ பக்கம் இருக்கிறார். நானும் என் வீட்டம்மாவும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவோம்.

போர்தோவிலிருந்து மேற்கே கடலைப் பார்த்து ஒரு மணி நேரம் காரில் போனால் லக்கனோ ஏரி. சுற்றிலும் பைன் மரக்காடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேடுகள். கரையோரம் நாணலும் அல்லி இலையுமாக, பார்த்தவுடனே எனக்கு ஊசுட்டேரி ஞாபகம் வந்தது. அங்கேதான் மாப்பிள்ளை மீன் பிடிப்பார். அவர் தேடிப் போவது ஒரே ஒரு மீனை. பிரெஞ்சுக்காரர்கள் அதை இங்கிலீஷ்காரர்கள் மாதிரியே பிளாக்-பாஸ் என்கிறார்கள். கனடாவில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் அதற்கு அஷிகான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; அந்த மண்ணின் பழங்குடி மக்கள் பாஷையிலிருந்து வந்த சொல். பெரிய வாய் அஷிகான், சின்ன வாய் அஷிகான் என்று இரண்டு உண்டு. வாயை மூடியிருக்கும்போது தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய வாய். பத்து வருஷம் பிரெஞ்சில் தித்தே எழுதியவனுக்கு இந்த அஷிகான் என்ற சொல்லை யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த மீனின் பெயரில் ஒரு குமாஸ்தா கதையே இருக்கிறது. 1802-இல் லாசெபேத் என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் முன்னே சின்ன வாய் வகை மீன் ஒன்று வந்து சேர்ந்தது. அதன் முதுகுத் துடுப்பின் பின்பகுதி கிழிந்து, தனியாக ஒரு குட்டித் துடுப்பு போலத் தெரிந்தது. அவர் அதைப் பிறவி அங்கம் என்று எண்ணி, 'சிறு துடுப்பு' என்று பொருள்படும் மைக்ரோப்டெரஸ் என்ற பெயரை எழுதிவிட்டார். அது ஒரு காயம், அவ்வளவுதான். ஆனால் முதலில் எழுதிய பெயருக்கே உரிமை என்பது அவர்கள் விதி. பெரிய வாய்க்காரனும் அதே குடும்பம் என்பதால் அவன் தலையிலும் அதே பெயர். எங்கள் ஆபீசில் 1911-இல் ஒரு எழுத்து தப்பாக விழுந்தால் கோர்ட் தீர்ப்பு இல்லாமல் திருத்த முடியாது; பேரப்பிள்ளை வரைக்கும் அந்தப் பெயரோடுதான் அலைவார்கள். மீனுக்குக் கோர்ட்டும் இல்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பேரனுக்குப் பதினொரு வயது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. "தாத்தாவையும் கூட்டிட்டுப் போலாம்பா" என்று அவன் கேட்க, மாப்பிள்ளை "வாங்க மாமா, சும்மா உக்காந்திருந்தாப் போதும்" என்றார். சும்மா உட்காருவதற்குக்கூட அங்கே தூண்டில் கையில் இருந்தால் அனுமதிச் சீட்டு வேண்டும். எனக்கு ஏழு நாள் சீட்டு ஒன்று எடுத்தார். முதல் நாள் இரவு அதன் விதிமுறைகளை நான் முழுவதும் படித்தேன். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பிரெஞ்சில், ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்ட விதிகளைப் படிப்பதில் ஒரு சுகம் உண்டு. அந்த வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சூரியன் உதிக்க அரை மணி முன்னாலிருந்து, மறைந்து அரை மணி பின்வரைதான் பிடிக்கலாம். பிளாக்-பாஸ், பைக் என்கிற புரோஷே, சாந்த்ரு மூன்றும் சேர்ந்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று. அதில் புரோஷே இரண்டுக்கு மேல் கூடாது. குறித்த நீளத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் அங்கே எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது. தண்ணீர் மேல் ஆவி படர்ந்திருந்தது. இரவல் படகில் மூன்று பேரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். இந்த மாதம் ஏன் நல்லது என்று மாப்பிள்ளை விளக்கினார். நடுக்கோடையில் இந்த மீன் வெயிலுக்குப் பயந்து ஆழத்திலும் நிழலிலும் கிடக்கும், விடியலிலும் அந்தியிலும் மட்டும் இரை தேடும். இலையுதிர் காலம் தொடங்கும்போது இரவு குளிர்ந்து, தண்ணீரின் சூடும் இறங்க ஆரம்பிக்கிறது. பொடி மீன்கள் கூட்டம் சேர்ந்து ஆழமில்லாத பக்கம் ஒதுங்குகின்றன. பெரிய வாய் பின்னாலேயே வந்து நாணலுக்கும் அல்லிக்கும் ஓரத்தில் மறைந்து நிற்கும். குளிர்காலம் வருகிறது, அதற்குள் உடம்பு தேற்ற வேண்டும் என்ற அவசரம் அதற்கு. பகல் பத்து, பதினொன்று வரைகூடக் கடிக்கும்.

அவர் பெட்டியைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே ஒரு ரப்பர் தவளை. பாகூர் பக்கம் என் தாய்மாமன் விரால் பிடிக்க உயிர்த் தவளையை முள்ளில் கோத்துத் தாமரை இலைமேல் எறிவார். இலைக்கு அடியில் விரால் காத்திருக்கும். தவளை தத்தினால் 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை அறுபது வருஷம் கழித்து லக்கனோவில் கேட்டேன். பெரிய வாய் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயைச் சட்டென்று அகலத் திறக்கும்போது தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடுகிறது. மாப்பிள்ளையின் தடி வளைந்தது, மீன் தண்ணீருக்கு வெளியே எழும்பித் தலையை உதறியது. பச்சை முதுகு, விலாவில் கருப்புக் கோடு. படகருகே வந்ததும் கீழ் உதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினார். அதன் பல் அரம் மாதிரி சொரசொரப்புதான், கையைக் கிழிக்காது. முள்ளை எடுத்தார், அளந்தார், தண்ணீரில் தாழ்த்திப் பிடித்தார். அது வாலை ஒரு வீசு வீசிப் போய்விட்டது.

அப்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். காரணம் தர்மம் இல்லை, புரட்டாசி. அன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை. வீட்டம்மா போர்தோவில் இருந்தாலும் புரட்டாசி புரட்டாசிதான். நாமம் போட்டு, தளிகை வைத்து, மாதம் முழுக்க முட்டைகூடக் கிடையாது. நான் அரைப் புரட்டாசிக்காரன்; வீட்டில் விரதம். மீன் பிடித்த சுகமும் ஆயிற்று, உயிர் போகவும் இல்லை, வீட்டில் சண்டையும் இல்லை. இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா என்றுதான் நினைத்தேன்.

அடுத்தது பேரன் முறை. அவன் தூண்டிலில் ரப்பர் புழு. மெதுவாக அடியில் இழுத்து வர வேண்டும், இழுவை தெரிந்தவுடனே தடியைத் தூக்க வேண்டும். அவன் நாணலில் இருந்த நீர்க்கோழியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டான். தூக்கும்போது மீன் புழுவை முழுசாக விழுங்கியிருந்தது. முள் தொண்டைக்குள், செவுள் பக்கம். மாப்பிள்ளை நீள மூக்குக் குறடால் எடுத்தார். எடுக்கும்போதே ரத்தம். அளவில் விதிக்கு மேலேயே இருந்தது.

"மாப்ள, இத விடாதீங்க. எடுத்துக்கலாம்" என்றேன்.

"இல்ல மாமா, விட்டாப் பொழச்சுக்கும். நாங்க எதையும் எடுக்கறதில்ல."

"செவுள்ல ரத்தம் வருதே."

"இது வரைக்கும் ஒண்ணுகூட எடுத்ததில்ல மாமா."

விட்டார். அது கோணலாக நீந்திப் போயிற்று. கால் மணி நேரம் கழித்து, நாணல் ஓரத்தில் வெள்ளையாக வயிறு தெரிந்தது. முதலில் பார்த்தது பையன்தான். பக்கத்தில் போனபோது செவுள் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பையன் அழவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "நீங்க பொழச்சுக்கும்னீங்களே" என்று மட்டும் கேட்டான். மாப்பிள்ளை நல்ல மனிதர். அவருக்குப் பதில் வரவில்லை. எனக்கு அந்த நிமிஷத்தில் அவர்மேல் கோபம் இல்லை. கால் மணி முன்னால் நானே 'உயிர் போகவில்லை' என்று கணக்கு எழுதிக்கொண்டவன்தானே.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மகளின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படித்தேன். இந்த 'விட்டுவிடும்' வழக்கம் பெரிதாகப் பரவியது அமெரிக்காவில். அங்கே இந்த மீனைப் பிடிக்கப் பெரிய போட்டிகள் நடத்திய ரே ஸ்காட் என்பவர், 1972-இல் பிடித்ததை உயிரோடு வைத்திருந்து எடை போட்டுத் திரும்ப விட வேண்டும் என்று கொண்டுவந்தார். அதற்கு முன் போட்டி முடிந்தால் கூடை கூடையாகச் செத்த மீன். அந்த வகையில் அது பெரிய சீர்திருத்தம், மறுக்க மாட்டேன்.

ஆனால் அதே மீன் ஜப்பானில் என்ன ஆனது என்று பாருங்கள். 1925-இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் ஆஷி ஏரியில் விட்டார்கள். அது நாடெங்கும் பரவி, பிவா ஏரியில் அந்த மண்ணுக்கே உரிய சிறு மீன்களைத் தின்று தீர்க்க ஆரம்பித்தது. நம் ஊரில் 1952-இல் ஜிலேபி மீனைக் கொண்டுவந்து விட்டு, இப்போது எந்தக் குட்டையில் வலை போட்டாலும் அதுவே வருகிறதே, அந்தக் கதைதான். பிவா ஏரி இருக்கும் ஷிகா மாநிலத்தில் 2003-இலிருந்து, பிடித்த பெரிய வாயைத் திரும்ப ஏரியில் விடுவதற்குத்தான் தடை. போட்டுவிட்டுப் போகக் கரையில் பெட்டி வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிடித்த பத்துக் கிலோ மீனின் உலகச் சாதனைக்குச் சமமாக, 2009-இல் ஒரு மீன் சிக்கியது அந்தப் பிவா ஏரியில்தான். சுவிட்சர்லாந்தில் இன்னொரு விதம்: விடுவதற்கென்றே மீன் பிடிக்கப் போகக்கூடாது, அது பிராணியை விளையாட்டுக்கு வதைப்பது என்று சட்டம்.

ஒரே மீன். ஓரிடத்தில் விட்டால் புண்ணியம், ஓரிடத்தில் விடுவதற்கே தடை, ஓரிடத்தில் விடும் எண்ணமே தப்பு. பிரான்சுக்கும் இது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த விருந்தாளிதான். இதை மாப்பிள்ளையிடம் காலையில் சொன்னேன். "அங்க அங்க ஏரி வேற மாமா" என்றார். அதைத்தானே நானும் சொல்கிறேன்! விடுவது என்பது அந்தந்தத் தண்ணீருக்கான ஒழுங்கு. அதை ஆளின் குணத்துக்குச் சான்றிதழாகச் சட்டையில் குத்திக்கொள்ளக் கூடாது. ஏரிக்கரையில் ஒரு வயசான போர்த்துகீசியர் இரண்டு மீனைத் துணியில் சுற்றி எடுத்துப் போனதைப் பார்த்து மாப்பிள்ளையின் நண்பர்கள் முகம் சுளித்தார்கள். அவர் மூன்றுக்குள் இரண்டு எடுத்தார், அளவு பார்த்து எடுத்தார், வீட்டில் சமைப்பார். காலையிலிருந்து இருபது மீனின் வாயைக் குத்தி விட்டவர், அவரைப் பார்த்து முகம் சுளிக்க என்ன இருக்கிறது? விட்ட இருபதில் எத்தனை நாணலுக்குள் வயிறு திரும்பியது என்று யார் எண்ணினார்கள்? மூன்றாவது மீனோடு வீட்டுக்குப் போய்விடுகிறவன் கணக்கு எனக்குப் புரிகிறது. அதில் வரவும் தெரிகிறது, செலவும் தெரிகிறது.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்று கேட்டால், அதையும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும். பாகூர் ஏரியில் தண்ணீர் மேல் குங்குமம் கொட்டினாற்போல் விரால் குஞ்சுக் கூட்டம். கூட்டம் இருந்தால் அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும். எது கிட்ட வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அதனால்தான் அப்போது பிடிப்பது சுலபம். மாமன் சொல்லிக் கொடுத்தார், நான் தூண்டிலைக் கூட்டத்துக்கு நடுவில் இறக்கினேன். இரண்டையும் பிடித்தோம். அம்மா வைத்த குழம்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. மறுநாள் அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கங்கே நாலைந்து சிவப்புப் பொட்டு. மற்றதெல்லாம் ஒரே ராத்திரியில் எதற்கோ இரையாகிவிட்டது.

பெரிய வாயிலும் இப்படித்தான். வசந்த காலத்தில் ஆண் மீன் மணலில் குழி பறித்து, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். அதை அப்போது பிடித்துப் படம் எடுத்து, முத்தம் கொடுத்துத் திரும்ப விட்டாலும், அந்த ஐந்து நிமிஷத்தில் மற்ற மீன்கள் வந்து முட்டையை மேய்ந்துவிடும். விட்டதால் ஒன்றும் மிச்சமில்லை. செப்டம்பரில் ஒன்றை எடுத்துப் பொரிப்பதைவிட, ஏப்ரலில் ஒன்றைப் பிடித்து விடுவது பெரிய பாவம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. இதை மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார், ஏப்ரலில் போவதில்லை என்றும் சொன்னார். நம் பக்கம் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு, படகெல்லாம் கரையில் நிற்கும். ஏரி விராலுக்கு அப்படி நாள் குறித்து எங்கள் ஊர்ப் பக்கம் நான் கேட்டதில்லை. குங்குமக் கூட்டத்தைப் பார்த்ததும் இன்றைக்கும் பையன்கள் தவளையைத் தேடித்தான் ஓடுகிறார்கள். அது மட்டுமாவது வேண்டாம் என்று ஏரிக்கரைப் பெரியவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

வயிறு திரும்பிய அந்த மீன் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. "எடுத்துட்டுப் போலாம்பா, வீணாப் போகக்கூடாது" என்றான் பையன். மாப்பிள்ளை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிளாக்-பாஸை ஐஸ் பெட்டியில் வைத்தார். வாசலில் வீட்டம்மா நாமத்தோடு நின்றாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு என்ன கெழமைன்னு தெரியுமா?"

"தப்பு நடந்துபோச்சு. விட்டும் பொழைக்கல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கொன்னுட்டு வந்தாச்சு. குப்பையில போட்டா அது இன்னும் பாவம். ஆனா என் சமையல்கட்டுக்குள்ள வரக்கூடாது" என்றாள்.

தோட்டத்தில் கரி அடுப்பு மூட்டினோம். மாப்பிள்ளைக்கு மீன் பிடிக்கத் தெரியும், கழுவத் தெரியாது. இருபது வருஷமாக விட்டுக்கொண்டே இருந்தவருக்கு எங்கே தெரியும்? வீட்டம்மா ஜன்னலுக்கு உள்ளிருந்து, இந்தப் பக்கம் திரும்பாமலே உத்தரவு போட்டாள். "மஞ்சளும் உப்பும் போட்டு ரெண்டு தடவ தேச்சுக் கழுவுங்க, சேத்து வாடை அடிக்கும். தோல உரிச்சுடுங்க. பூண்டு நச்சுப் போடுங்க, மொளகாத்தூள் கம்மியா, புள்ள சாப்புடணும்." மீன் நன்றாகவே இருந்தது, வெள்ளைச் சதை, முள் அதிகமில்லை. பையன் தின்றான், மாப்பிள்ளை தின்றார். நான் அரைத் துண்டு. அரைப் புரட்டாசிக்கு அரைத் துண்டு என்று சொன்னது வீட்டம்மாவுக்கு ரசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை என் ஏழு நாள் சீட்டு முடிந்திருந்தது, நான் போகவில்லை. காலையில் பல் தேய்க்க எழுந்தபோது பையன் சாப்பாட்டு மேஜையில் அப்பாவின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முள்ளாகக் குறடால் நசுக்கிக்கொண்டிருந்தான். முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாகத் திரும்பி நிற்கும் சின்ன எதிர்முள்ளை அழுத்தித் தட்டையாக்கிவிட்டால், சுலபமாகக் கழன்றுவிடுமாம். பிரெஞ்சில் அதற்கு அர்திய்யோன் என்று பெயர் என்றான். அதுவும் எனக்குத் தெரியாத சொல். "அப்படின்னா மீனு தப்பிச்சுப் போயிடுமே" என்றேன். "நெறைய போகும் தாத்தா" என்று சொல்லிவிட்டு அடுத்த முள்ளை எடுத்தான்.